கல்விக்கான சிறு காற்றுச் சுரங்கம்

கல்விக்கான சிறு காற்றுச் சுரங்கம் என்பது, காற்றியக்கவியலின் அடிப்படைகளை மாணவர்களுக்குச் செய்முறையாகக் காட்டும் பொருட்டு, எளிதில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு குறைந்த செலவில் அமைக்கப்படும் காற்றுச் சுரங்கம் ஆகும். இதில் மாதிரியுரு அசையாமல் நிற்க, காற்று அதன் மீது செலுத்தப்படுகிறது. ஒரு பொருளின் மீது காற்று செலுத்தும் விசை அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள சார்பு வேகத்தைப் பொறுத்தது. ஆகவே நிலையான காற்றில் பொருள் நகர்ந்தாலும், நிலையான பொருளைச் சுற்றிக் காற்று நகர்ந்தாலும் தோன்றும் விசைகள் ஒன்றே.

ஒரு பெட்டியின் முனையில் விசிறியைப் பொருத்தினால் காற்றோட்டம் உண்டாகும். எனினும் அதிலிருந்து பெறப்படும் அளவீடுகள் பொருளுடையனவாக இருப்பதற்கு மூன்று நிபந்தனைகள் தேவை. சோதனைப் பகுதியில் ஓட்டம் சீராக இருக்க வேண்டும். அதன் வேகம் அறியப்பட்டிருக்க வேண்டும். பெறப்படும் முடிவு எந்த ரெனால்ட்ஸ் எண் வரம்புக்குள் செல்லும் என்பது தெரிந்திருக்க வேண்டும். இம்மூன்றும் பெரும் பொருட்செலவை வேண்டுவன அல்ல. முறையான வடிவமைப்பும் பொறுமையான சரிபார்ப்புமே தேவை.

வரலாறு

முதலாவது காற்றுச் சுரங்கத்தைப் பிரான்சிஸ் வென்ஹாம் என்பவர் பிரித்தானிய வானூர்திக் கழகத்தின் ஆதரவில் 1871 ஆம் ஆண்டில் அமைத்தார். 18 அங்குலச் சதுரக் குறுக்குவெட்டுக் கொண்ட அந்தக் குழாயினுள் நீராவிப் பொறியால் இயங்கிய விசிறி காற்றைத் தள்ளியது. விசிறி மாதிரியுருவுக்கு முன்னால் இருந்ததால் ஓட்டம் சீராக அமையவில்லை. ஹொரேஷியோ பிலிப்ஸ் 1884 இல் நீராவித் தாரை கொண்டு காற்றை உறிஞ்சும் மேம்பட்ட சுரங்கம் ஒன்றை அமைத்து, வளைந்த இறக்கை வடிவங்களைச் சோதித்தார்.

குறைந்த செலவில் அமைந்த காற்றுச் சுரங்கங்களுள் மிகப் புகழ்பெற்றது ரைட் சகோதரர்கள் 1901 இன் இறுதியில் அமெரிக்காவின் டேட்டன் நகரிலுள்ள தமது மிதிவண்டிக் கடையில் அமைத்ததாகும். அவ்வாண்டு அவர்கள் பறக்கவிட்ட மிதவை வானூர்தி, அன்று வழக்கிலிருந்த அட்டவணைகளின்படி எதிர்பார்த்த ஏற்றவிசையில் ஒரு பகுதியையே தந்தது. அட்டவணைகளைத் தாமே சோதிக்க விரும்பிய அவர்கள் 6 அடி நீளமும் 16 அங்குலச் சதுரக் குறுக்குவெட்டும் கொண்ட ஒரு மரப்பெட்டியை அமைத்தனர். கடையின் பொறியால் சுழன்ற விசிறி அதனுள் மணிக்கு ஏறத்தாழ 43 கி.மீ. வேகத்தில் காற்றைச் செலுத்தியது. தராசுகள் அறுவாள் தகடுகளாலும் மிதிவண்டிச் சக்கரக் கம்பிகளாலும் செய்யப்பட்டவை. ஓட்டத்தைச் சீர்ப்படுத்துவதற்கே பல நாட்கள் சென்றன. சுமார் 200 இறக்கை மாதிரிகள் சோதிக்கப்பட்டன. இத்தரவுகளின் அடிப்படையில் அமைந்த 1902 ஆம் ஆண்டு மிதவை வானூர்தி எதிர்பார்த்தபடி பறந்தது. 1903 டிசம்பர் 17 இல் முதலாவது விசையூட்டிய பறப்பு நிகழ்ந்தது.

குஸ்தாவ் ஈஃபெல் 1909 இல் பாரிஸ் நகரில் தமது கோபுரத்தின் அருகில் ஒரு காற்றுச் சுரங்கத்தை அமைத்து, 1912 இல் அதனை ஓத்தேய் பகுதிக்கு மாற்றினார். காற்று அறையிலிருந்து உறிஞ்சப்பட்டு மீண்டும் அறைக்கே விடப்படும் இவ்வமைப்பு இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அதே காலத்தில் செருமனியின் கோட்டிங்கன் நகரில் லுட்விக் பிராண்டில் மூடிய சுற்றுச் சுரங்கத்தை உருவாக்கினார்.

வகைகள்

திறந்த சுற்றுச் சுரங்கத்தில் காற்று ஒரு முனையில் நுழைந்து மறு முனையில் வெளியேறும். மூடிய சுற்றில் அதே காற்று மீண்டும் மீண்டும் சுற்றிவரும். மூடிய சுற்றில் ஆற்றல் சேமிக்கப்படும். ஆனால் நான்கு மூலைகளிலும் திருப்புத் தகடுகள் தேவைப்படுவதோடு இடமும் செலவும் கூடும். கல்வி நிலையங்களுக்குத் திறந்த சுற்றே ஏற்றது.

திறந்த சுற்றிலும் ஊதும் வகை, உறிஞ்சும் வகை என இரண்டு உண்டு. விசிறியிலிருந்து வெளிவரும் காற்று சுழன்றுகொண்டே செல்லும். அதில் அலகுகளின் பின்னோட்டங்களும் கலந்திருக்கும். விசிறியை முன்னால் வைத்தால் இக்குறைகள் அனைத்தும் மாதிரியுருவின் மீது படும். விசிறியைப் பின்னால் வைத்து உறிஞ்சினால் சுழலோட்டம் வெளியேறிவிடும். ஆகவே சிறு சுரங்கங்களுக்கு உறிஞ்சும் வகையே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

பகுதிகளும் அளவுகளும்

கீழே தரப்படும் அளவுகள் 20 செ.மீ. × 20 செ.மீ. சோதனைப் பகுதியும் நொடிக்கு 10 மீட்டர் வேகமும் கொண்ட ஒரு சுரங்கத்துக்கு உரியவை. இதன் மொத்த நீளம் சுமார் 2.5 மீட்டர், ஒரு வகுப்பறை மேசை வரிசையில் அடங்கும்.

தேன்கூட்டுத் தட்டி: காற்று முதலில் நுழையும் பகுதி இது. ஒன்றோடொன்று நெருக்கமாக அடுக்கப்பட்ட சிறு குழாய்களால் ஆனது. அறைக் காற்றிலுள்ள பக்கவாட்டு அசைவுகளையும் சுழற்சியையும் தடுத்து ஓட்டத்தை நேராக்குகிறது. குழாயின் நீளம் அதன் விட்டத்தைப் போல் 6 முதல் 8 மடங்கு இருத்தல் நன்று. முன்பு இதற்குப் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல்களே பெரும்பாலும் பயன்பட்டன. அவை தமிழ்நாட்டில் 2019 முதலும் இந்தியா முழுவதும் 2022 சூலை முதலும் தடைசெய்யப்பட்டுள்ளன. காகித உறிஞ்சுகுழல்களைப் பயன்படுத்தலாம். 50 செ.மீ. சதுர நுழைவாய்க்கு 6 மி.மீ. விட்டமுள்ள துண்டுகள் ஏறத்தாழ 7,000 தேவை. 5 செ.மீ. நீளத்துக்கு வெட்டினால் 20 செ.மீ. குழல் ஒன்றிலிருந்து நான்கு துண்டுகள் கிடைக்கும். வீட்டு மின்கம்பி பதிக்கப் பயன்படும் 20 மி.மீ. பி.வி.சி. குழாய் மற்றொரு வழி. அதனை 15 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் 625 துண்டுகள், அதாவது 3 மீட்டர் குழாய்கள் சுமார் 32 போதும். வெட்டிய விளிம்புகளிலுள்ள பிசிறுகளை நீக்க வேண்டும்.

வலைத்திரைகள்: தேன்கூட்டுத் தட்டிக்குப் பின் ஒன்று அல்லது இரண்டு வலைகள் இழுத்துக் கட்டப்படும். இவை இடத்துக்கு இடம் வேறுபடும் வேகத்தைச் சமப்படுத்துவதோடு பெரிய சுழல்களைச் சிறியனவாக உடைக்கின்றன. சன்னல்களுக்குப் பொருத்தும் கொசுவலையே போதுமானது. எனினும் வலையின் மொத்தப் பரப்பில் துளைகளின் பங்கு 57 சதவீதத்துக்குக் குறையலாகாது. அதனினும் நெருக்கமான வலையில் துளைகளின் வழியே வரும் சிறு தாரைகள் ஒன்றோடொன்று இணைந்து ஓட்டத்தை மீண்டும் சீர்குலைக்கும். வலைகளுக்கு இடையிலும், கடைசி வலைக்குப் பின்னும் 10 முதல் 15 செ.மீ. இடைவெளி விடப்படும். இப்பகுதி முழுவதும் சீரமைப்பு அறை எனப்படும். தூசி படிவதால் வலைகளைக் கழற்றிக் கழுவும் வகையில் சட்டங்களில் பொருத்துவது நல்லது.

ஒடுங்குகூம்பு: 50 செ.மீ. சதுரத்திலிருந்து 20 செ.மீ. சதுரத்துக்குக் குறுகும் இப்பகுதியே சுரங்கத்தின் தரத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. பரப்பு விகிதம் 6.25 என்பதால், சீரமைப்பு அறையில் நொடிக்கு 1.6 மீட்டராக இருக்கும் வேகம் இங்கு 10 மீட்டராக உயர்கிறது. வேகம் கூடுவதோடு ஓட்டமும் சீரடைகிறது. அருகருகே செல்லும் இரு காற்றோடைகளின் வேகம் சற்று வேறுபட்டிருந்தால், அவற்றின் மொத்த அழுத்த வேறுபாடு ஒடுங்குகூம்பைக் கடந்த பின்னும் மாறாது. ஆனால் இரண்டின் வேகமும் பன்மடங்கு உயர்வதால், அவ்வேறுபாடு வேகத்தின் விழுக்காடாகக் கணக்கிடும்போது பரப்பு விகிதத்தின் வர்க்கத்தால் வகுபடுகிறது. 6.25 இன் வர்க்கம் ஏறத்தாழ 39. ஆகவே சீரமைப்பு அறையில் 10 சதவீதமாக உள்ள வேறுபாடு சோதனைப் பகுதியில் சுமார் 0.26 சதவீதமாகிவிடும்.

சுவரின் வளைவு இரு முனைகளிலும் மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிய வேண்டும். நேர்ச் சுவர்களாலான புனல் வடிவில் மூலை திரும்பும் இடங்களில் ஓட்டம் சுவரிலிருந்து பிரியக்கூடும். பின்வரும் அட்டவணை ஐந்தாம் படிப் பல்லுறுப்புக் கோவை ஒன்றிலிருந்து பெறப்பட்டது. இடப்புறம் நுழைவிலிருந்து தொலைவும், வலப்புறம் மைய அச்சிலிருந்து சுவரின் தொலைவும் செ.மீ. அளவில் தரப்பட்டுள்ளன.

0 – 25.00
5 – 24.87
10 – 24.13
15 – 22.55
20 – 20.24
25 – 17.50
30 – 14.76
35 – 12.45
40 – 10.87
45 – 10.13
50 – 10.00

இவ்வளைவுக்கு வெட்டிய மரச் சட்டங்களின் மீது 3 மி.மீ. ஒட்டுப்பலகையை வளைத்து ஒட்டலாம். வளைவின் வழியே அளந்தால் பலகையின் நீளம் 50 அன்று, சுமார் 53 செ.மீ. வரும். பலகையை வெட்டும்போது இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். மூட்டுகளை மரப்பட்டியால் நிரப்பித் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும்.

சோதனைப் பகுதி: 40 செ.மீ. நீளமுள்ள இப்பகுதியின் இரு பக்கங்களும் மேற்புறமும் 5 மி.மீ. அக்ரிலிக் தகட்டால் அமையும். கீழ்த்தளத்தைக் கறுப்பு வண்ணம் பூசிய பலகையால் அமைத்தால் புகை தெளிவாகத் தெரியும். மேற்புறத் தகடு திறக்கக் கூடியதாகவும், மூடும்போது இறுக்கமாகப் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும். உறிஞ்சும் சுரங்கத்தில் இங்கு அழுத்தம் வெளியிலுள்ளதைவிடக் குறைவு. ஆகவே சிறு இடுக்கு இருந்தாலும் அதன்வழிக் காற்று உள்ளே பீறிட்டு ஓட்டத்தைக் கெடுக்கும். சுவரையொட்டி எல்லைப்படலம் வளர்ந்து, பகுதியின் முடிவில் சுமார் 4 மி.மீ. தடிமனாகும். ஆகவே கோளம், வண்டி போன்ற மாதிரியுருக்கள் சுவரிலிருந்து விலகியிருக்க வேண்டும்.

மாதிரியுருவின் முகப்புப் பரப்பு சோதனைப் பகுதியின் குறுக்குவெட்டில் 5 சதவீதத்துக்கு மேற்படாதிருத்தல் நன்று. இங்கு அது 20 சதுர செ.மீ. ஆகும். 5 செ.மீ. விட்டமுள்ள பந்து இவ்வரம்பில் சரியாக அடங்கும். இதனினும் பெரிய பொருளை வைத்தால் அதனைச் சுற்றி ஓட்டம் நெருக்கப்பட்டு வேகம் கூடி, அளவீடுகள் மிகையாகும்.

விரிகூம்பு: சோதனைப் பகுதிக்கும் விசிறிக்கும் இடையில் 20 செ.மீ. சதுரத்திலிருந்து 30 செ.மீ. சதுரத்துக்கு விரியும் 1 மீட்டர் நீளக் குழாய் இது. நான்கு தட்டையான பலகைகளால் எளிதாகச் செய்யலாம். விரைந்து செல்லும் காற்றை மெல்ல வேகங்குறைத்து, அதன் இயக்க ஆற்றலில் ஒரு பகுதியை அழுத்தமாக மீட்டுத் தருவதே இதன் பணி. விரியும் மொத்தக் கோணம் 5 முதல் 7 பாகைக்குள் இருக்க வேண்டும். இடத்தைச் சிக்கனப்படுத்தக் கருதி இதனைக் குட்டையாக்கினால் ஓட்டம் சுவரைவிட்டுப் பிரியும். சோதனைப் பகுதியின் வேகமும் நிலையின்றி ஏறி இறங்கும்.

விசிறி: 30 செ.மீ. விட்டமுள்ள, சமையலறை அல்லது பட்டறைக் காற்றுவெளியேற்றி விசிறி பொதுவாகப் பயன்படுகிறது. விசிறியின் அதிர்வு சோதனைப் பகுதியை எட்டாதிருக்க அதனைத் தனித் தாங்கியில் பொருத்தி, விரிகூம்புடன் ரெக்சின் துணியால் இணைக்கலாம். மோட்டாருக்குப் பொருத்தமான வேக ஒழுங்கியையோ, வெளியேறும் வாயில் நகரும் மறைப்பையோ கொண்டு வேகத்தை மாற்றலாம்.

ஆற்றல் கணக்கு

காற்றின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 1.2 கி.கி. எனக் கொண்டால், நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் இயக்க அழுத்தம் 60 பாஸ்கல் ஆகும். சோதனைப் பகுதியின் வழியே நொடிக்கு 0.4 கன மீட்டர், அதாவது மணிக்கு 1,440 கன மீட்டர் காற்று செல்கிறது. தட்டி, வலைகள், சுவர் உராய்வு, விரிகூம்பு, வெளியேறும் காற்றோடு போகும் ஆற்றல் ஆகிய இழப்புகள் யாவும் சேர்ந்து இயக்க அழுத்தத்தில் ஏறக்குறையப் பாதி, அதாவது 30 பாஸ்கல் வரும். இதை ஈடுசெய்யக் காற்றுக்கு அளிக்க வேண்டிய திறன் 12 வாட் மட்டுமே. சிறு விசிறிகளின் பயனுறுதிறன் குறைவு என்பதால் மோட்டாருக்கு இதைப்போல் சில மடங்கு மின்திறன் தேவைப்படும்.

விசிறியின் மீது குறிக்கப்படும் காற்றளவு எதிர்ப்பு ஏதுமில்லாத நிலைக்கு உரியது. சுரங்கத்தில் பொருத்தியபின் அதனினும் குறைவான காற்றே செல்லும். ஆகவே தேவையான அளவைவிடக் கணிசமாக மிகுந்த காற்றளவுடைய விசிறியைத் தேர்தல் வேண்டும். தேவைப்படும் திறன் வேகத்தின் முப்படிக்கு நேர்விகிதத்தில் உயர்வது மற்றொரு முக்கியச் செய்தி. வேகத்தை இரு மடங்காக்க எட்டு மடங்கு திறன் வேண்டும். இக்காரணத்தால், சிறு சுரங்கத்தில் மிகுந்த வேகத்தை நாடுவதைவிடச் சீரான ஓட்டத்தை நாடுவதே பயன் தரும்.

வேகத்தை அளத்தல்

பிட்டோ குழாய் காற்றோட்டத்தை எதிர்நோக்கும் துளையில் மொத்த அழுத்தத்தையும் பக்கத் துளையில் நிலை அழுத்தத்தையும் பெற்று, இரண்டின் வேறுபாட்டைத் தருகிறது. இதனை நீர் நிரப்பிய அழுத்தமானியால் அளந்தால், மி.மீ. அளவில் நீர்மட்ட வேறுபாட்டின் வர்க்கமூலத்தை 4.04 ஆல் பெருக்க வேகம் நொடிக்கு மீட்டரில் கிடைக்கும். எடுத்துக்காட்டுகள்:

1 மி.மீ. – நொடிக்கு 4.0 மீட்டர்
2 மி.மீ. – நொடிக்கு 5.7 மீட்டர்
4 மி.மீ. – நொடிக்கு 8.1 மீட்டர்
6 மி.மீ. – நொடிக்கு 9.9 மீட்டர்

இவ்வளவு சிறிய உயரங்களை நேர்நின்ற குழாயில் நுட்பமாகப் படிக்க இயலாது. குழாயைப் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் சாய்த்து வைத்தால் 6 மி.மீ. உயரம் குழாயின் வழியே 60 மி.மீ. நீளமாகத் தெரியும். மின்னணு அழுத்த உணரியைப் பயன்படுத்துவோர் 100 முதல் 500 பாஸ்கல் வரையான வீச்சுடையதைத் தேர வேண்டும். வெப்பநிலையையும் கவனிக்க வேண்டும். கடல்மட்ட அழுத்தத்தில் 20 பாகை செல்சியசில் 1.20 ஆக உள்ள அடர்த்தி 35 பாகையில் 1.15 ஆகக் குறைகிறது.

ஒவ்வொரு சோதனையின்போதும் பிட்டோ குழாயை உள்ளே வைத்தால் அது ஓட்டத்துக்கு இடையூறாகும். சீரமைப்பு அறையின் சுவரில் ஒரு துளையும் சோதனைப் பகுதியின் தொடக்கத்தில் ஒரு துளையும் இட்டு, அவற்றின் அழுத்த வேறுபாட்டை அளப்பது எளிய மாற்று. பரப்பு விகிதம் 6.25 ஆகையால், இவ்வேறுபாட்டிலிருந்து மேற்கண்டவாறு பெறும் வேகத்தை 1.3 சதவீதம் உயர்த்திக்கொள்ள வேண்டும். சீரமைப்பு அறைக்குப் பதிலாக வெளி அறையின் அழுத்தத்தை ஒப்பீடாகக் கொண்டால், தட்டியிலும் வலைகளிலும் ஏற்படும் இழப்பும் சேர்ந்து வேகம் மிகையாகத் தோன்றும்.

சுரங்கம் கட்டிமுடிந்ததும், வெறுமையான சோதனைப் பகுதியில் 25 புள்ளிகளில் வேகத்தை அளந்து வரைபடமாக்க வேண்டும். எல்லைப்படலத்தைத் தவிர்த்த நடுப்பகுதியில் வேறுபாடு 1 முதல் 2 சதவீதத்துக்குள் அமைந்தால் கற்பித்தலுக்குப் போதுமானது.

விசைகளை அளத்தல்

இச்சுரங்கத்தில் தோன்றும் விசைகள் மிகச் சிறியவை. 8 செ.மீ. நாணும் 20 செ.மீ. அகலமும் கொண்ட இறக்கை, ஏற்றவிசைக் கெழு 0.8 ஆக இருக்கையில், சுமார் 0.77 நியூட்டன் ஏற்றவிசை தரும். இது 78 கிராம் எடைக்குச் சமம். 5 செ.மீ. பந்தின் இழுவை விசை 0.05 நியூட்டன், அதாவது 5 கிராம் எடையளவே வரும். ஆகவே 0.1 கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசு போதுமானது. மாதிரியுருவைத் தாங்கும் தண்டை ஒரு நெம்புகோலுடன் இணைத்து, நெம்புகோலின் மறுமுனை தராசை அழுத்துமாறு அமைக்கலாம். மாதிரியுரு இன்றித் தண்டை மட்டும் வைத்து அதன் இழுவையை அளந்து கழிப்பது இன்றியமையாதது. சிறு பொருட்களில் தண்டின் இழுவை பொருளின் இழுவைக்கு ஈடாகவும் இருக்கக்கூடும்.

காற்றின் வேகத்தைத் துல்லியமாக அறியாமலேயே நம்பத்தகுந்த முடிவைப் பெறும் வழியை ரைட் சகோதரர்கள் காட்டினர். அவர்களது தராசில் இறக்கை மாதிரியின் ஏற்றவிசை, அதே காற்றோட்டத்தில் நின்ற சிறு தட்டைத் தகடுகளின் எதிர்ப்பு விசையுடன் நேரடியாக எடையிடப்பட்டது. வேகம் சற்று மாறினாலும் இரு விசைகளும் ஒரே விகிதத்தில் மாறுவதால் ஒப்பீடு மாறாது. இரு மாதிரிகளை ஒரே வேளையில் ஒப்பிடும் இம்முறை எளிய கருவிகளுக்கு இன்றும் மிகப் பொருத்தமானது.

ஓட்டத்தைக் காணுதல்

இறக்கையின் மேற்பரப்பில் 1 முதல் 2 செ.மீ. நீள மெல்லிய நூல்களை வரிசையாக ஒட்டுவது மிக எளிய முறை. ஓட்டம் பரப்பைத் தழுவிச் செல்லும் இடத்தில் நூல்கள் நேராகப் படிந்திருக்கும். பிரிந்த இடத்தில் அவை நிலையின்றித் துடிப்பதோடு சில முன்னோக்கியும் திரும்பும்.

புகையோட்டத்துக்கு ஊதுபத்திகளைப் பயன்படுத்தலாம். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் புகை விரைவில் கலைந்துவிடும். 1 முதல் 2 மீட்டர் வேகமே ஏற்றது. புகையை வலைகளுக்குப் பின், சீரமைப்பு அறையில் மெல்லிய குழாய் வழியே விட்டால் வலைகளில் கரி படியாது. கறுப்புப் பின்னணியும் பக்கவாட்டு ஒளியும் புகையிழைகளைத் தெளிவாக்கும். இவ்வேகத்தில் இயக்க அழுத்தம் 0.6 முதல் 2.4 பாஸ்கல் மட்டுமே என்பதால் நீர் அழுத்தமானி பயன்படாது. புகைத் திரள் குறித்த தொலைவைக் கடக்கும் நேரத்தைக் காணொளியில் எண்ணி வேகத்தை மதிப்பிடலாம்.

ரெனால்ட்ஸ் எண்ணும் வரம்புகளும்

சிறிய மாதிரியுருவின் மீதான ஓட்டம் பெரிய பொருளின் மீதான ஓட்டத்தை ஒத்திருக்க, வடிவ ஒப்புமை மட்டும் போதாது. இரண்டின் ரெனால்ட்ஸ் எண்ணும் சமமாக இருக்க வேண்டும். இது வேகத்தையும் நீளத்தையும் பெருக்கிக் காற்றின் இயக்கப் பிசுக்குமையால் வகுத்துப் பெறப்படும் எண் ஆகும். 8 செ.மீ. நாணுடைய இறக்கைக்கு நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் இது சுமார் 53,000. நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் பறக்கும், 1.5 மீட்டர் நாணுடைய சிறு வானூர்திக்கு 50 இலட்சம். இரண்டுக்கும் இடையே நூறு மடங்கு வேறுபாடு உண்டு.

இவ்வேறுபாட்டின் விளைவுகளை வரலாற்றிலும் காணலாம். ஈஃபெலும் கோட்டிங்கன் ஆய்வாளர்களும் கோளத்தின் இழுவைக் கெழுவுக்கு முரண்பட்ட மதிப்புகளைப் பெற்றனர். குறித்த வேகத்துக்கு மேல் இழுவைக் கெழு திடீரெனக் குறைவதை ஈஃபெல் 1912 இல் கண்டார். எல்லைப்படலம் கொந்தளிப்பு நிலையை அடையும்போது அது கோளத்தை மேலும் சற்றுத் தொலைவு தழுவிச் செல்வதால் பின்னோட்டம் குறுகி இழுவை குறைகிறது என்பதைப் பிராண்டில் 1914 இல் விளக்கினார். கோளத்தைச் சுற்றி மெல்லிய கம்பி வளையம் ஒன்றைப் பொருத்தி, குறைந்த வேகத்திலேயே இவ்விளைவை உண்டாக்கியும் காட்டினார்.

வழவழப்பான கோளத்துக்கு இம்மாற்றம் ஏறத்தாழ 3 இலட்சம் ரெனால்ட்ஸ் எண்ணில் நிகழ்கிறது. பள்ளிக் கண்காட்சிகளில் குழிப் பரப்புடைய கோல்ஃப் பந்தையும் வழவழப்பான பந்தையும் ஒப்பிடும் சோதனை பலராலும் விரும்பப்படுகிறது. கோல்ஃப் பந்தில் குழிகள் இம்மாற்றத்தைச் சில பத்தாயிரங்கள் அளவிலான எண்ணுக்குக் குறைக்கின்றன. ஆனால் 10 மீட்டர் வேகத்தில் 4.3 செ.மீ. பந்தின் ரெனால்ட்ஸ் எண் சுமார் 28,000 மட்டுமே. ஆகவே இச்சுரங்கத்தில் குழிகளின் நன்மை வெளிப்படும் என எதிர்பார்க்க இயலாது. வேறுபாடு தெரியவில்லை என்ற முடிவு சரியான அளவீட்டின் விளைவே. அதைக் கொண்டு குழிகள் பயனற்றவை என்று கூறுவது பிழை.

ரைட் சகோதரர்களின் மாதிரிகளும் மிகச் சிறியவை. தாழ்ந்த ரெனால்ட்ஸ் எண்களில் மெல்லிய வளைந்த தகடுகள் தடித்த இறக்கைகளைவிடச் சிறப்பாகச் செயற்படும். முதலாம் உலகப் போர்க் காலம் வரை வானூர்திகளில் மெல்லிய இறக்கைகளே பெரும்பாலும் இடம்பெற்றதற்கு இத்தகைய சிறு மாதிரிச் சோதனைகளும் ஒரு காரணமாகக் கருதப்படுகின்றன. இக்குறையை நீக்க, அமெரிக்காவின் லாங்லி ஆய்வகத்தில் காற்றை 20 வளிமண்டல அழுத்தம் வரை அமுக்கிப் பயன்படுத்தும் சுரங்கம் 1920களின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டது.

மறுபுறம், பறவைகள், சிறு மாதிரி வானூர்திகள், சிறு ஆளில்லா வானூர்திகள் ஆகியவை சில பத்தாயிரம் முதல் சில இலட்சம் வரையான ரெனால்ட்ஸ் எண்களில் பறக்கின்றன. இவற்றின் கீழ்ப்பகுதியைச் சிறு சுரங்கம் நேரடியாகவே ஆராய வல்லது.

மாணவர்களுக்கான சோதனைகள்

1. ஏற்றவிசையும் தாக்கு கோணமும்: வளைந்த தகட்டு இறக்கையின் கோணத்தை 2 பாகை வீதம் உயர்த்தி ஏற்றவிசையை வரைபடமாக்கலாம். ஏற்றவிசை உச்சத்தை அடைந்து உயர்வு நிற்கும் கோணத்தில் நூல்கள் துடிப்பதையும் காணலாம்.

2. உருளையைச் சுற்றிய அழுத்தம்: 16 மி.மீ. குழாயின் நடுவில் 1 மி.மீ. துளையிட்டு, அதனைச் சுவருக்குச் சுவர் பொருத்தி, 10 பாகை வீதம் திருப்பி அழுத்தத்தை அளக்கலாம். பிசுக்குமையற்ற பாய்மக் கோட்பாட்டின்படி முன்புற அழுத்தம் பின்புறத்திலும் முழுமையாக மீள வேண்டும். அவ்வாறாயின் இழுவையே இராது. தெ'ஆலம்பேர் 1752 இல் சுட்டிய முரண்பாடு இது. அளவீட்டில் 80 பாகையளவில் ஓட்டம் பிரிந்து, பின்புறம் முழுவதும் தாழ்வழுத்தம் நிலவுவது தெரியும். இழுவை எங்கிருந்து வருகிறது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் எளிய சோதனை அரிது.

3. சுழல் உதிர்வு: அதே உருளையின் பின்னால் சுழல்கள் மாறிமாறி உதிர்கின்றன. ஸ்ட்ரூகல் எண் சுமார் 0.2 என்பதால் 10 மீட்டர் வேகத்தில் அதிர்வெண் 125 ஹெர்ட்சு அளவில் அமையும். பின்னோட்டத்தில் வைத்த சிறு ஒலிவாங்கியைக் கணினியுடன் இணைத்து இதனை அளக்கலாம்.

4. வடிவமும் இழுவையும்: ஒரே முகப்புப் பரப்புடைய தட்டு, கோளம், நீர்த்துளி வடிவம் ஆகியவற்றின் இழுவையை ஒப்பிடலாம்.

வழமையான குறைபாடுகள்

வேகம் ஏறி இறங்குதல்: பெரும்பாலும் விரிகூம்பில் ஓட்டம் பிரிவதால் நிகழும். சுவரில் நூல் ஒட்டிப் பார்த்தால் தெரியும்.

ஒரு பக்கம் வேகம் கூடுதல்: நுழைவாய் சுவருக்கு மிக அருகில் இருத்தல், தட்டியின் சில குழாய்கள் அடைபட்டிருத்தல் ஆகியவை காரணங்கள். நுழைவாயின் முன் குறைந்தது அதன் அகல அளவேனும் வெற்றிடம் தேவை. சோதனையின்போது அதன் முன் எவரும் நடமாடலாகாது; அறையின் மின்விசிறிகளையும் நிறுத்த வேண்டும்.

அளவீடுகள் நாளுக்கு நாள் மாறுதல்: வலைகளில் தூசி, மூட்டுகளில் கசிவு, மின்னழுத்த மாற்றம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். ஒரே பந்தின் இழுவையை ஒவ்வொரு நாளும் முதலில் அளந்து குறித்துவைப்பது இதனை அறிய உதவும்.

பாதுகாப்பு

விசிறியின் வெளிப்புறம் கம்பிக் காப்பும், விரிகூம்பின் முடிவில் கம்பி வலையும் பொருத்தப்பட வேண்டும். பின்னதில்லையேல் கழன்ற மாதிரியுரு விசிறியில் மோதிச் சிதறக்கூடும். மோட்டாரின் உலோக உடலுக்கு நிலத்தொடுப்பு அவசியம். பலகை, குழாய் ஆகியவற்றை அறுக்கும்போது கண்ணாடியும் முகமூடியும் அணிய வேண்டும். புகைச் சோதனைகளைக் காற்றோட்டமுள்ள அறையில் மட்டுமே செய்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

காற்றியக்கவியல்
பெர்னூலியின் தத்துவம்
ரெனால்ட்ஸ் எண்
எல்லைப்படலம்
பிட்டோ குழாய்
ரைட் சகோதரர்கள்

பகுப்புகள்: காற்றியக்கவியல் | ஆய்வுக் கருவிகள் | அறிவியல் கல்வி